பாட்டுக் கட்டும் பிள்ளைகள்

தாராவியில் பிறந்த தமிழ்க் குழந்தை ஒன்றின் காதில், ஐந்து வயதுக்குள் எத்தனை மொழிகள் விழுகின்றன என்று எண்ணிப் பார்த்தது உண்டா? வீட்டில் திருநெல்வேலித் தமிழ். சந்தில் இந்தி. பள்ளிக்குள் நுழைந்தால் மராத்தி. ஆங்கிலமும் உடன் வந்து நிற்கும். நாம் கல்லூரியில் சேர்ந்த பின் அரும்பாடுபட்டுக் கற்க நினைக்கும் பன்மொழிப் பழக்கம், அந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகும் பருவத்திலேயே வாய்த்துவிடுகிறது. அத்தகைய குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து, "தமிழில் ஏதாவது எழுது" என்றால் என்ன செய்கிறது? கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

வாயாடும் பிள்ளைக்கு எழுத ஏன் வரவில்லை? இதைப் பற்றித்தான் மன்றத்து நண்பர்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் கலினாவிலிருந்து புறப்பட்டுத் தாராவிக்குச் சென்று, மூன்றாம் நான்காம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் இருந்து வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன், பொருளியல் மாணவன். ஆகவே இங்கே சொல்பவை கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவையே.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் அவற்றுள் ஒன்று. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்களின் வழியினர் இன்றும் தாராவியில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் பள்ளி ஓர் உரிமை. ஆயினும் பெற்றோர் ஆங்கிலவழியை நாடுகின்றனர். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம்மில் பலர் அவ்வழியே வந்தவர்கள்தாம். விளைவு என்ன? தமிழ் பேச்சில் இருக்கிறது, கையில் இல்லை. நம் மன்றத்திலேயே பாருங்கள். ஆண்டுவிழாவில் மணி மணியாகத் தமிழில் பேசும் நண்பர் ஒருவர், அந்தப் பேச்சு முழுவதையும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார். ஊரில் இருக்கும் பாட்டிக்கு நான்கு வரி எழுத வேண்டுமானால் அவர் தாயாரைத் தேடுகிறார். தமிழ்வழியில் படித்தவர்களிலும் சிலர், தேர்வு முடிந்த நாளோடு தமிழ் எழுதுவதை நிறுத்திவிடுகின்றனர். தமிழ் எழுதுவது அவர்களுக்கு எந்நாளும் தமக்கென்று செய்த செயலாக இருந்ததே இல்லை. பிறர் கேட்டார், எழுதினோம். கேட்பவர் போனார், எழுத்தும் போயிற்று.

ஒரு பள்ளியில் நாற்பது கட்டுரை நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தலைப்பு 'பசு'. நாற்பது நோட்டிலும் ஒரே பசு. ஒரே நான்கு கால், ஒரே இரண்டு கொம்பு. ஒரு பிள்ளையின் நோட்டில் கொம்பு விடுபட்டிருந்தது. அதற்குச் சிவப்பு மையால் ஒரு சுழி. அந்தப் பிள்ளைகளிடம், "பசுவை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: "கோயில் கிட்ட ஒண்ணு கட்டியிருப்பாங்க அண்ணே. புல்லுக் குடுத்தா காசு வாங்குவாங்க. அது யாரையும் பாக்காது, ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கும்." இதைவிட நல்ல கட்டுரை உண்டா? ஆனால் நோட்டில் அந்தப் பசு இல்லை. அதற்கு நோட்டில் இடம் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழில் இன்னொரு தடையும் உண்டு. பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு. 'வந்துச்சு' என்று நினைக்கும் பிள்ளை 'வந்தது' என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கு இது சிறு படி. ஏழு வயதுப் பிள்ளைக்கு மதில். எழுதத் தொடங்கும் முன்பே, தன் வாயில் வருவது தவறு என்று அது கற்றுக்கொள்கிறது. கரும்பலகையைப் பார்ப்பது சோம்பலால் அன்று, அச்சத்தால்.

நம் மொழியில் குழந்தைகளுக்கான கவிதைக்குக் குறைவில்லை. பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) எளிய சொல்லில் இனிய பாட்டுகள் தந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிவந்த அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். இவையெல்லாம் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் பாடியவை. குழந்தைகளே பாடியவை எங்கே? நம் நூலகத்தில் தேடினால் அலமாரி காலியாக இருக்கிறது. கவிதையைக் கேட்கவும் ஒப்பிக்கவும் குழந்தையைப் பழக்கிய அளவுக்கு, கட்டப் பழக்கவில்லை. ஒப்பித்தலை நான் இகழவில்லை. காது நிறைந்தால்தான் வாய் திறக்கும். வள்ளியப்பாவின் பாட்டைத் தாளம் போட்டுப் பாடிய பிறகு எழுதச் சொன்னால், பிள்ளைகளின் வரியில் ஓசை தானே வந்து உட்காருகிறது. ஆனால் ஒப்பித்தலோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

நிற்க. எங்கே தொடங்குவது? விடுகதையில் தொடங்குவதே நம் மரபுக்கும் பிள்ளைகளின் இயல்புக்கும் ஏற்றது என்பது என் கருத்து. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு 'பிசி' என்பதையும் சேர்த்து ஏழாக எண்ணுகிறார். பிசி என்பது விடுகதை. உவமையோடு கூடி வருவது அதன் ஒரு வகை என்றும் சொல்கிறார். திண்ணையில் கிழவிகள் போட்ட விடுகதைக்கு நம் இலக்கணத்தில் பாட்டோடு சமமாக ஓர் இருக்கை உண்டு! பொருளின் பெயரைச் சொல்லாமல் பொருளைக் காட்டு என்று பிள்ளையிடம் சொன்னால் போதும். உவமை என்ற சொல்லையே உச்சரிக்க வேண்டியதில்லை.

பழைய விடுகதைகள் சிலவற்றைக் கேட்டு மகிழ்ந்த பின், "உங்கள் வீட்டில், உங்கள் சந்தில் இருப்பதற்கு நீங்களே போடுங்கள்" என்றேன். முதலில் சலசலப்பு. பிறகு ஒரு சிறுமி சொன்னாள்: "காலையில அவன் அழுதா அம்மா சிரிப்பா; அவன் அழுகைய நிறுத்தினா அம்மா அழுவா." தண்ணீர்க் குழாய். வீட்டுக்கு வீடு குழாய் இல்லாத சந்தில், விடியற்காலை வரிசையில் நின்ற பிள்ளைக்குத்தான் இது தோன்றும். தையற்பட்டறைக்கு மேல் குடியிருக்கும் பையன் போட்டது: "ஒரே பல்லு. நாள் பூரா துணி திங்குது. பசி தீரல." இன்னொருவன் லோக்கல் ரயிலைப் பிடித்தான்: "ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் துப்புவான், திரும்ப முழுங்குவான்." தாதரில் மாலை ஆறு மணிக்கு இறங்கியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அடுத்த படி விருப்பம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் என்பவர் 1968இல் நியூயார்க் நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்பித்தார். 'விருப்பங்கள், பொய்கள், கனவுகள்' என்று பொருள்படும் தலைப்பில் 1970இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். அவர் முறை மிக எளியது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். எல்லா வரிகளும் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்க வேண்டும். வரிகளைச் சேர்த்தால் வகுப்பே கட்டிய கவிதை ஒன்று ஆகிவிடும். எதுகைக்காக அலைய வேண்டாம் என்றும் அவர் சொன்னார். எதுகையைத் தேடும் பிள்ளை, தான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சொல்லின் பின்னால் ஓடிவிடுகிறது என்பது அவர் கண்டது.

இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு நன்மை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'விரும்புகிறேன்' வரியின் தலையில் வரும். நம் மொழியில் வினை வரியின் கடைசியில் நிற்கும். ஆகவே 'வேண்டும்' என்று எல்லா வரியும் முடிகிறது. இயைபு என்று இலக்கணம் சொல்லும் ஓசை ஒற்றுமை, தேடாமலே கிடைக்கிறது. பிள்ளைக்கு எதுகைக் கவலை இல்லை. ஆனால் காதுக்கு விருந்து உண்டு. ஒரு சனிக்கிழமை சேர்ந்த வரிகளில் சில:

அப்பாவுக்கு வாரத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.
தங்கச்சிக்கு எட்டாத உயரத்தில் எனக்கு ஒரு ஜன்னல் வேண்டும்.
பல்லி என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.
எங்கள் சந்துக்குள் நிலா இறங்க இடம் வேண்டும்.

எழுதி முடித்த பிறகு, பராசக்தியிடம் பாரதியார் நிலமும் மாளிகையும் தென்னை மரங்களும் கேட்ட பாட்டைப் படித்துக் காட்டினேன். ஒரு காணி என்பது பழைய சென்னை அளவையில் 57,600 சதுர அடி. பத்துக்குப் பத்து அறையில் வாழும் பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். 576 வீடுகள்! "அவருக்குத் தாராவியில இடம் கிடைக்காது அண்ணே" என்றான் ஒருவன். பாரதியார் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன். நான் இங்கே சொல்ல விரும்புவது வரிசையைப் பற்றி. முதலில் பிள்ளை தன் விருப்பத்தை எழுதுகிறது. பிறகு பெருங்கவிஞரின் விருப்பத்தைக் கேட்கிறது. அப்போது பாரதியார் பாடநூலில் மீசையோடு இருக்கும் படம் அல்லர்; தன்னைப்போல் ஒன்று கேட்ட மனிதர்.

கோக் சொன்ன 'பொய்' என்னும் தலைப்பையும் முயன்றோம். "இன்று பொய் சொல்லலாம்" என்றதும் எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "நான் பிறக்கும்போதே பல் இருந்தது, டாக்டரைக் கடித்தேன்" என்பது அன்று பரிசு பெற்ற பொய். பரிசு ஒரு கடலைமிட்டாய்.

இனிப் பிழை திருத்தம். இங்கேதான் நம் நண்பர்கள் என்னோடு மாறுபடுவர். நெல்லைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ஆகவே பிள்ளை 'மளை' என்று எழுதுகிறது. அதைச் சிவப்பு மையால் சுழித்தால் அடுத்த முறை அது மழையைப் பற்றியே எழுதாது. எழுத்துப்பிழை வராத சொற்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். எழுத்து சுத்தமாகும், சொல்ல ஒன்றும் இருக்காது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, 1963இல் வெளியிட்ட நூலில் தம் முறையை விளக்குகிறார். காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும், "இன்று உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்பார். அது கேட்ட சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். தனக்கு வேண்டிய சொல்லைக் குழந்தை மறப்பதில்லை. மறந்தால் அது தனக்கு வேண்டாத சொல் என்று அந்த அட்டையை ஒதுக்கிவிடுவார். எழுதத் திணறும் பிள்ளைகளுக்கு நானும் இதையே செய்கிறேன். அது சொல்லச் சொல்ல, சொன்னபடியே, நான் எழுதிக் கொடுக்கிறேன். தன் வாயிலிருந்து வந்த வரி ஆதலால், என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். விரல் வைத்துப் படித்துவிடுகிறது.

அப்படியானால் 'மளை' மளையாகவே இருக்கலாமா? இருக்க வேண்டாம். அதற்குக் கையெழுத்துப் பத்திரிகை உதவுகிறது. நம் தந்தையர் காலத்துக் கல்லூரிகளில் இது ஒரு பெரும் கலையாக இருந்தது. ஒரே படி, கையாலேயே எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்து, வகுப்பின் சுவரில் ஆணியில் தொங்கவிடுவது. செலவு ஐம்பது ரூபாய் ஆகாது. அதில் தன் வரியைத் தானே படி எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் பிள்ளை மாறிவிடுகிறது. "அண்ணே, இதுக்கு எந்த ளகரம்?" என்று தானே வந்து கேட்கிறது. மற்றவர் படிக்கப் போகிறார்கள் அல்லவா? கேட்ட பிள்ளைக்குச் சொன்ன திருத்தம் நிலைக்கிறது. கைபேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். அனுப்பலாம். ஆயினும் சுவரில் தொங்கும் அந்த ஒரு படியைச் சூழ்ந்து ஆறு தலைகள் முட்டிக்கொள்ளும் காட்சி கைபேசியில் வராது.

அயற்சொல் பற்றியும் கேள்வி எழும். பிள்ளைகள் சாக்கடையை 'நாலா' என்பர். தண்ணீரைச் சில நேரம் 'பானி' என்பர். தூய தமிழில் பற்றுடைய நண்பர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அவருடைய பற்றை மதிக்கிறேன். ஆனால் நாலாவின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, முதல் நாளே அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டால் அந்த இடமும் கவிதையிலிருந்து போய்விடும். இரண்டாம் முறை எழுதும்போது, "இதை உங்கள் பாட்டி எப்படிச் சொல்வார்?" என்று கேட்டுப் பார்க்கிறேன். சில நேரம் நாம் அகராதியில்கூடக் காணாத நெல்லைச் சொல் ஒன்று பாட்டியிடமிருந்து வந்து சேர்கிறது. அப்போது பழைய சொல், புதிய சொல் இரண்டில் எது வேண்டும் என்று பிள்ளையே முடிவு செய்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இவற்றுக்கெல்லாம் மசிவதில்லை. கவிதை என்றாலே பெண்பிள்ளை வேலை என்று ஓர் எண்ணம். அவர்களை வழிக்குக் கொண்டுவந்தது ராப் பாட்டு. தாராவி இளைஞர்கள் தமிழ், இந்தி, மராத்தி கலந்து இத்தகைய பாட்டுகள் கட்டி நாடறியப் பெயர் பெற்றிருக்கின்றனர். 2018இல் வந்த 'காலா' படத்தின் பாடல்களிலும் டோபடெலிக்ஸ் என்னும் தாராவிக் குழுவின் குரலைக் கேட்கலாம். மேசையைத் தட்டித் தாளம் போட்டு ஒருவன் ஒரு வரி சொல்ல, அடுத்தவன் அதன் முதல் எழுத்திலேயே தன் வரியைத் தொடங்க வேண்டும் என்று விதி வைத்தோம். மோனைத் தொடை என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்பார்கள்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் நிலைமை வேறு. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் தோன்றிய காலத்துத் தலைமுறை தமிழை நன்கு எழுதியது. இன்று அங்குள்ள பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆனால் வீட்டில் பாட்டி இருக்கிறார். பேத்தி சொல்ல, பாட்டி தமிழில் எழுத வேண்டும். பிறகு பேத்தி அதைப் பார்த்துப் படி எடுக்க வேண்டும். செம்பூரில் ஒரு வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். பாட்டி தம் பங்குக்கு இரண்டு வரி சேர்த்துவிட்டார் என்று பேத்திக்குக் கோபம்.

எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். தாராவிக்கு வெளியார் பலர் வருகின்றனர், கேமராவோடும் வருகின்றனர். அவர்களுக்கு வறுமைப் பாட்டு வேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வந்தவருக்கு எது வேண்டும் என்று நொடியில் அறிந்து அதையே எழுதித் தருவர். அது கரும்பலகைப் பசுவின் மறுவடிவம்தான். துயரத்தை எழுது என்று நாம் கேட்கக் கூடாது. எழுதாதே என்றும் சொல்லக் கூடாது. 'கதவு' என்று ஒருநாள் தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலோர் பூனை, விருந்தாளி, தீபாவளிக் கோலம் என்று எழுதினர். தாராவி மறுசீரமைப்புக்காக வீடுகளைக் கணக்கெடுத்து எண் இடும் வேலை 2024இல் தொடங்கியது நினைவிருக்கும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க கதவுல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. என் பேரைக் கேக்கல." நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படி எடுத்துக்கொள்ளத் தாள் கொடுத்தேன். படத்துக்கு அவள் வரைந்தது கதவை அல்ல, சாக்பீஸ் பிடித்த ஒரு கையை.

பெற்றோர் என்ன சொல்கின்றனர்? தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் தந்தை ஒருவர் நேராகவே கேட்டார்: "இதுக்கு மார்க்கு உண்டா தம்பி?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" மகன் எழுதிய வரியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகனையே படிக்கச் சொல்லிக் கேட்டார். அது அவர் தோல் வெட்டும் கத்தியைப் பற்றியது. "கைப்பிடிய விட்டுட்டானே, அதுக்குத் துணி சுத்தியிருக்கும்ல" என்று ஒரு திருத்தம் சொன்னார். பையன் மறுநாள் துணியைச் சேர்த்துக்கொண்டான். அவர் மனம் முழுதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் பாடத்துக்கும் யாராவது வந்தால் நல்லது என்று இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதுவும் நியாயமே. கணக்குத் தெரிந்த நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இப்போது பிள்ளைகளின் ஐந்தாம் இதழ் தயாராகிறது. பொருள் 'சத்தம்'. தகரக் கூரையில் மழை, குயவர் தெருவில் பானையைத் தட்டிப் பார்க்கும் ஓசை, பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் பானைகள் பொங்கும்போது எழும் குலவை என்று இப்போதே வரிகள் வரத் தொடங்கிவிட்டன. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் மூவர் போதவில்லை. சொல்லச் சொல்ல எழுதித் தர இன்னும் நான்கு கைகள் வேண்டும். தமிழ் எழுத்தில் தடுமாறும் மன்றத்து நண்பர்களும் வரலாம். பிள்ளைகள் சரியான ளகரத்தைச் சொல்லித் தருவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சயான் நிலையத்தின் மேற்கு வாயிலில் நிற்போம். கோடு போடாத தாள் இருந்தால் கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனா வேண்டாம்.